பின்சுவரில் ஒரு வாசல் திறக்கலாமா? கேட்டட் கம்யூனிட்டியில் இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் சொல்லுங்கள்

#1 மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது புறநகரில் ஒரு கேட்டட் கம்யூனிட்டி. 212 வீடுகள், நான்கு பக்கமும் காம்பவுண்டு சுவர், ஒரே ஒரு வாசல். குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் படிக்கும் பள்ளியின் மைதானம் எங்கள் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரம்தான். பால்கனியில் நின்றால் காலையில் முதல் மணி அடிப்பது காதில் விழும். ஆனால் அவளைக் கொண்டுபோய் விட நான் கார் எடுத்து, முன்வாசல் வழியாக வெளியே போய், பெரிய சாலையில் ஏறி, அடுத்த திருப்பத்தில் வளைத்து, 2.4 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். எங்கள் குடியிருப்பிலிருந்து மட்டும் காலையில் நாற்பதுக்கு மேல் கார்கள் இதே சுற்றைச் சுற்றுகின்றன. பள்ளி வாசலில் நெரிசல் என்று நாங்களே புலம்புகிறோம், அந்த நெரிசலே நாங்கள்தான்.

பின்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. கட்டுமானம் நடந்தபோது வேலையாட்கள் வந்துபோக பில்டர் வைத்தது. வீடுகளை ஒப்படைத்த சமயத்தில் வெல்டிங் வைத்து மூடிவிட்டார்கள். மூன்று இடத்தில் வெல்டிங் கட்டிகட்டியாகத் தெரிகிறது. அதிலிருந்து துரு வழிந்து சுவரில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. போன மாதம் டேப் எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய் அளந்தேன். கதவிலிருந்து பள்ளியின் பக்கவாட்டு வாசலுக்கு 90 மீட்டர்.

இந்தக் கதவைத் திறக்கலாம் என்று போன பொதுக்குழுவில் சொன்னேன். ஆதரவு 61, எதிர்ப்பு 88. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பவர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: பாதுகாப்பு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

#2 புதுச்சாவி எழுதியது:

அக்கா, உங்கள் சிரமம் புரிகிறது. எங்கள் குடியிருப்பிலும் இதே கோரிக்கை வந்தது. நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு தனி வீட்டில் இருந்தோம். ஒரு ராத்திரி நாங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே பின்கதவை நெம்பி நுழைந்துவிட்டார்கள். திருட்டுப்போனது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் குழந்தை படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஈரமண் செருப்புத் தடம். அதற்கப்புறம் எட்டு மாதம் நான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியதில்லை. இந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் வாரத்தில்தான் அணைத்தேன்.

என் மகன் இங்கே தனியாக சைக்கிள் ஓட்டுகிறான். இரவுப் பணி முடிந்து வந்து பதினோரு மணிக்கு நான் தனியாக ஒரு சுற்று நடக்கிறேன். வெளியே எந்தத் தெருவில் ஒரு பெண்ணால் அப்படி நடக்க முடியும்? சுவர் பிரிக்கிறது, அந்நியமாக்குகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். சுவருக்குள் வந்துதான் எனக்கு நடமாட்டமே கிடைத்தது.

#3 நடந்தேபோறவன் எழுதியது:

புதுச்சாவி சொல்வதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். உள்ளே மகனை தனியாக விடும் நீங்கள், வாசலுக்கு வெளியே அவனை எத்தனை அடி தனியாக விடுவீர்கள்? நான் பார்த்த வரையில் உள்ளே எவ்வளவு நிம்மதியோ வெளியே அவ்வளவு பயம் வளர்ந்துவிடுகிறது.

#4 வரைபடம் எழுதியது:

நகரமைப்புத் துறையில் 20 வருடமாக இருக்கிறேன். லேஅவுட் வரைபடங்களோடுதான் பிழைப்பு. அதனால் மாடித்தோட்டம் சொல்லும் 90 மீட்டருக்கும் 2.4 கிலோமீட்டருக்கும் நடுவே இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

சுவர் கட்டிக் குடியிருப்பது புதிதல்ல. அமெரிக்காவில் நியூஜெர்சியில் லூயலின் பார்க் என்று 1850களில் அமைத்த குடியிருப்பு இன்றும் இருக்கிறது, வாசலில் காவலறையோடு. தாமஸ் எடிசன் அங்கேதான் வீடு வாங்கினார். அப்போது அது பெரும் பணக்காரர்களின் ஏற்பாடு. நடுத்தரக் குடும்பங்களுக்கான சரக்காக அது மாறியது 1960களுக்குப் பிறகு. முதலில் ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகள், அப்புறம் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிய வீடுகள், அப்புறம் எல்லோருக்கும். பிரேசிலில் சாவோ பாவ்லோவுக்கு வெளியே ஆல்ஃபவீல் 1970களில் எழும்பியது. 1997-இல் பிளேக்லி, ஸ்னைடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது, அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இப்படிப்பட்ட வாசல்களுக்குப் பின்னால் இருந்தன.

ஆனால் உங்கள் கேள்விக்கு நெருக்கமான உதாரணம் வேறு. அதே நியூஜெர்சியில் ராட்பர்ன். 1929. கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்ற இருவர் வடிவமைத்தது. கார்கள் பெருகத் தொடங்கிய காலம். குழந்தைகளைக் காரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. வீட்டின் ஒரு பக்கம் முட்டுச்சந்து, கார் அதோடு நின்றுவிடும். வீட்டின் இன்னொரு பக்கம் தோட்டம், அதைத் தாண்டினால் நடைபாதை. அந்த நடைபாதை பூங்கா வழியாகவே பள்ளிக்குப் போகும். நடுவில் பெரிய சாலை வந்தால் அதற்கு அடியில் சுரங்கப்பாதை. குழந்தை ஒரு சாலையைக்கூடக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து போகலாம்.

பின்னாளில் உலகம் முழுக்க பில்டர்கள் ராட்பர்னிலிருந்து எடுத்துக்கொண்டது முட்டுச்சந்தை மட்டும்தான். நடைபாதையை விட்டுவிட்டார்கள். நடைபாதைக்கு இடம் போனால் ஒரு மனை குறையும். அந்தப் பாதையை யார் பராமரிப்பது என்ற தலைவலி வேறு. என் மேசைக்கு வருகிற வரைபடங்களில் நான் தினமும் பார்ப்பது இந்த ஒரு இழப்பைத்தான். ஒவ்வொரு லேஅவுட்டும் தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும். பத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால், நடுவே புகுந்து போக ஒரு சந்துகூட இருக்காது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே வாய், அது பெரிய சாலையில் திறக்கும். அதனால்தான் புறநகரில் பக்கத்து லேஅவுட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகவும் வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் தெரு வேண்டும், 80 முதல் 100 சந்திப்புகள் வேண்டும் என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் பரிந்துரை. சுவர் போட்ட புறநகரில் தெருக்கள் இருக்கும். அவை ஒன்றோடொன்று சந்திக்காது.

#5 இரவுக்காவல் எழுதியது:

வணக்கம் மேடம். நான் செக்யூரிட்டியாக 11 வருடம் வேலை பார்த்தவன், கடைசி நாலு வருடம் சூப்பர்வைசர். வாசலில் நிற்பவன் என்ன பார்க்கிறான் என்று யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முன்வாசலில் காலையில் ஒரு மணி நேரத்தில் நூறு பேர் வருவார்கள். டெலிவரி பையன்கள், டிரைவர்கள், பிளம்பர், வீட்டுவேலைக்கு வரும் அம்மாக்கள். ஒவ்வொருவருக்கும் ஆப்பில் நம்பர் போட வேண்டும், வீட்டுக்காரர் ஓகே அழுத்த வேண்டும். என் கண் முழுக்க போன் திரையில் இருக்கும். வந்தவர் முகத்தை நான் பார்க்கவே மாட்டேன். 12 மணி நேர ஷிஃப்ட். ஆள் வரவில்லை என்றால் அதுவே 24 மணி நேரம். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் நின்றபடியே கண் செருகும். இதைத்தான் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பித் தூங்குகிறார்கள்.

எனக்குப் பயம் இருந்த இடம் முன்வாசல் இல்லை, பின்சுவர்தான். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், ஒரு பல்பு எரியும், மற்றது எரியாது. நான் இருந்த ஓர் இடத்தில் இரண்டு தடவை திருட்டு நடந்தது, இரண்டு தடவையும் அந்தப் பக்கம் சுவரேறித்தான் வந்தார்கள். அங்கே காலையும் மாலையும் நாலு பேர் நடந்தால், பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால், எவனும் ஏற மாட்டான். வாசல் வைத்தால் ஆள் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆள் பின்சுவரையும் பார்ப்பான் இல்லையா?

இன்னொன்று, சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து போகும் அம்மாக்களின் பையைத் திறந்து பார்க்கச் சொல்லி உத்தரவு. சில பேர் அந்த வீடுகளில் குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தவர்கள். நான் பைக்குள் பார்ப்பேன், அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். 11 வருடத்தில் ஒரு பையிலும் ஒன்றும் இருந்ததில்லை.

#6 வரைபடம் எழுதியது:

இரவுக்காவல் ஐயா, அனுபவத்தில் நீங்கள் கண்டதைத்தான் நகரங்களைப் பற்றி எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் எழுதினார். தெருவைக் காப்பது முதலில் போலீஸ் அல்ல, அந்தத் தெருவில் வந்துபோகும், வாசலில் நிற்கும், ஜன்னல் வழியாகப் பார்க்கும் சாதாரண மனிதர்கள்தான் என்பது அவர் வாதம்.

#7 புதுச்சாவி எழுதியது:

அதே துறையில் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக்கலைஞரும் இருந்தாரே? தெருவுக்கு எல்லை இருந்தால்தான், யார் வெளியாள் என்று தெரிந்தால்தான், மக்கள் தங்கள் இடத்தைக் காப்பார்கள் என்று 1972-இல் எழுதியவர். உங்கள் தரப்புக்கு மட்டும் பெயர் சொன்னால் எப்படி?

இரவுக்காவல் அண்ணா, அந்தப் பை விஷயம் மனதை உறுத்துகிறது. எங்கள் குடியிருப்பிலும் அது நடக்கிறது. நான் தட்டிக் கேட்டதில்லை.

#8 வரைபடம் எழுதியது:

நியாயமான கேள்வி. நியூமனை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. அவர் கருத்து வெறும் காகிதத்தில் நிற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஃபைவ் ஓக்ஸ் என்ற பகுதியில் அதைச் செய்து பார்த்தார்கள். வெளியூர் வாகனங்கள் குறுக்குவழியாகப் புகுந்து போவது, போதைப்பொருள் வியாபாரம், குற்றம் என்று அந்தப் பகுதி சரிந்துகொண்டிருந்தது. தெருக்களின் குறுக்கே இரும்புக் கதவு போட்டுச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள். வன்முறைக் குற்றம் பாதியாகக் குறைந்தது என்று நியூமனே பிறகு எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கதவுகள் வாகனத்துக்குத்தான். நடப்பவர்களை நிறுத்தவில்லை. கதவின் ஓரத்தில் நடைபாதை திறந்தே இருந்தது. அதாவது, எல்லை வேண்டும் என்று வாதாடிய மனிதரே காரை நிறுத்தினார், காலை விட்டுவிட்டார்.

நம் குடியிருப்புகளில் நடப்பது தலைகீழ். பார்கோடு ஒட்டிய கார் வந்தால் தடுப்புக்கட்டை தானாக மேலே போகும். நடந்து வருபவரைத்தான் நிறுத்திக் கேள்வி கேட்கிறோம்.

#9 பழையதெரு எழுதியது:

நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன். மாடித்தோட்டம் அவர்களின் குடியிருப்பா இல்லையா தெரியாது. எங்கள் தெருவுக்குப் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று வந்தது, 8 வருடம் ஆகிறது.

அந்த நிலம் முன்பு வெறும் வெளி. நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. நாங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு அதில்தான் போவோம், ஏழு நிமிடம். என் தங்கை கல்லூரிக்குப் போனது அந்தப் பாதையில். என் அப்பா வேலைக்குப் போனது அந்தப் பாதையில். ஒரு நாள் தகரத்தை நட்டார்கள், அப்புறம் சுவர் வந்தது. இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு அரை மணி நேரம். அதுவும் நடைபாதை இல்லாத பெரிய சாலையின் ஓரமாக, லாரிக்குப் பக்கத்தில். இருட்டியபின் அந்தச் சாலையில் எங்கள் வீட்டுப் பெண்கள் நடக்க வேண்டியிருக்கிறது. புதுச்சாவி அவர்களே, நீங்கள் சுவருக்குள் நிம்மதியாக நடப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் தெருப் பெண்களின் நடை அந்தச் சுவரால்தான் பறிபோனது. அதையும் கணக்கில் எடுங்கள்.

தரையை ஐந்து அடி உயர்த்திக் கட்டினார்கள். இப்போது மழை பெய்தால் தண்ணீர் எங்கள் தெருவில் நிற்கிறது. முன்பு அந்த வெளிதான் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

இந்த இழையை மூன்று தடவை படித்தேன். உங்கள் குழந்தைகள் வெளியே போக ஒரு வாசல் வேண்டும் என்கிறீர்கள். நல்ல விஷயம். அதே வாசல் வழியாக நாங்கள் உள்ளே வந்து, முன்வாசல் வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகலாமா? இதுவரை யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

#10 மாடித்தோட்டம் எழுதியது:

பழையதெரு ஐயா, இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். உங்கள் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கதவைத் திறக்க வேண்டும் என்று ஆறு மாதமாகப் பேசுகிறேன். என் மனதில் அது ஒருவழிப் பாதையாகவே இருந்திருக்கிறது. எங்களுக்கு அட்டை கொடுப்பார்கள், தேய்த்தால் திறக்கும், எங்கள் பிள்ளைகள் போவார்கள், வருவார்கள். அவ்வளவுதான் நினைத்திருந்தேன்.

நேற்று மாலை அந்தக் கதவிலிருந்து முன்வாசல் வரை நடந்து பார்த்தேன். சுவரோரமாகவே போகலாம், எந்த பிளாக்கின் வாசலையும் தொடாமல் 340 அடி எடுத்து வைத்தேன். அங்கே ஜெனரேட்டர் அறை, குப்பை பிரிக்கும் இடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இவைதான் இருக்கின்றன. இரவுக்காவல் சொன்னது போல ஒரு பல்புதான் எரிகிறது. பழைய பாதை ஏதும் எங்கள் மனைக்குள் இருந்ததா என்று பில்டர் கொடுத்த ஆவணங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#11 கணக்குநோட்டு எழுதியது:

எங்கள் அசோசியேஷனில் மூன்று வருடம் பொருளாளராக இருந்தேன். நல்ல மனதோடு பேசுகிறீர்கள், ஆனால் நடைமுறையைச் சொல்ல ஒருவராவது வேண்டும்.

வீடு வாங்கும்போது ஒரு வீட்டைத்தான் வாங்கினோம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு குட்டி நகராட்சியையும் சேர்த்து வாங்கியிருக்கிறோம். சாலை, தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர், குப்பை, காவல் எல்லாம் நம் பொறுப்பு. வரி வசூலிக்க நமக்கு அதிகாரம் இல்லை, பராமரிப்புக் கட்டணம் கட்டாதவரிடம் கெஞ்சத்தான் முடியும். நிர்வாகம் செய்பவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். எந்தப் பொதுக்குழுவிலும் கட்டணத்தை உயர்த்தலாம் என்று சொன்னவன் நல்ல பெயர் வாங்கியதில்லை.

இதில் விபரீதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு ஊரில் இருந்த ஒரு கட்டடம் உதாரணம். அது சுவர் போட்ட காலனி அல்ல, அடுக்குமாடி. ஆனால் நிர்வாகம் நம்மைப் போலவே குடியிருப்போர் சங்கம்தான். 1981-இல் கட்டிய கட்டடம். கான்கிரீட்டில் பெரிய சேதம் இருக்கிறது என்று 2018-இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்தார். பழுதுபார்க்கும் செலவை யார், எவ்வளவு ஏற்பது என்று சண்டை, ராஜினாமா. பணம் வசூலிக்க ஒரு வழியாக முடிவெடுத்தது 2021 வசந்தத்தில். ஜூன் 24 விடியுமுன் கட்டடத்தின் பாதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். அதற்கான தொழில்நுட்பக் காரணங்கள் தனி. ஆனால் மூன்று வருடத் தாமதத்தைப் படித்தபோது எங்கள் கூட்டங்கள் அப்படியே என் கண்முன் வந்தன.

எனவே மாடித்தோட்டம், வாசல் திறப்பதை ஆதரிக்கிறேன். ஆனால் விளக்கு, கேமரா, காலை மாலை இரண்டு வேளை ஒரு காவலர், யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருக்கு என்பது, எல்லாவற்றையும் எழுதி, தொகையோடு வையுங்கள். பணம் எங்கிருந்து வரும் என்று எழுதாத தீர்மானம் கூட்டத்தில் தாங்காது.

#12 தெற்கிலிருந்து எழுதியது:

ஜோகன்னஸ்பர்க்கில் 9 வருடம் வாழ்ந்தேன். பாதுகாப்புப் பற்றிப் பேசினால் அந்த ஊரைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. அங்கே குற்ற பயம் கற்பனை இல்லை, என் பக்கத்து வீட்டிலேயே துப்பாக்கியோடு நுழைந்திருக்கிறார்கள். பொதுத்தெருவையே குடியிருப்போர் சேர்ந்து தடுப்புக்கட்டை போட்டு அடைப்பது அங்கே சாதாரணம். ஆனால் அதற்கு மாநகராட்சி அனுமதி வேண்டும். நடந்து வருபவரைத் தடுக்கக் கூடாது, பெயர் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் இதை விசாரித்து 2005-இல் அறிக்கை வெளியிட்டது. இப்படி அடைப்பதை அது ஆதரிக்கவில்லை. ஏனென்றால் நிறவெறி ஆட்சியில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று அனுமதிச்சீட்டு கேட்ட காலம் அந்த நாட்டில் இன்னும் மறக்கவில்லை. நடைமுறையில் மீறல்கள் உண்டு. என் தெருக் காவலர் கறுப்பின ஆண்களிடம் மட்டும் எங்கே போகிறாய் என்று கேட்பார், என்னைக் கேட்டதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களில் நானும் ஒருவன்.

சீனாவில் இன்னும் பெரிதாக முயன்றார்கள். புதிதாக மூடிய குடியிருப்பு கட்டக் கூடாது, இருப்பவற்றையும் படிப்படியாகத் திறந்து உள்தெருக்களைப் பொதுவழியாக்க வேண்டும் என்று 2016 பிப்ரவரியில் அரசு வழிகாட்டுதல் வந்தது. நகரங்களில் பெரும்பாலோர் சுவருக்குள் வாழும் நாடு அது. கொந்தளித்துவிட்டார்கள். குடியிருப்பின் உள்சாலை வீட்டுக்காரர்களின் கூட்டுச்சொத்து என்று 2007-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் சொல்கிறதே, நாங்கள் பணம் கொடுத்து வாங்கியதை எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டார்கள். பழைய சுவர்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. மேலிருந்து சொன்னால் சுவர் திறக்காது என்பதுதான் எனக்குப் புரிந்தது. மாடித்தோட்டம் மாதிரி உள்ளே இருக்கும் ஒருவர் கேட்டால்தான் உண்டு.

#13 புதுச்சாவி எழுதியது:

சீனாக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்விதானே? எங்கள் கடனில், எங்கள் கட்டணத்தில் போட்ட சாலை. அந்தப் பொறுப்பிலிருந்து அரசு நழுவிக்கொண்டது. வெளியே நடைபாதை போடாத, விளக்கு போடாத அரசை விட்டுவிட்டு, தனக்குத்தானே போட்டுக்கொண்டவர்களிடம் திற என்று கேட்கிறோம்.

#14 பழையதெரு எழுதியது:

அரசிடமும் கேட்கிறோம். மனு கொடுத்து நாலு வருடம் ஆகிறது. அந்த மனுவில் உங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு கையெழுத்து இருந்திருந்தால் அதற்கு வேறு மதிப்பு. சுவருக்குள் எல்லாம் இருப்பவர்களுக்கு வெளியே விளக்கு எரியாதது தெரிவதில்லை. கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தச் சாலை மோசமில்லை.

#15 நடந்தேபோறவன் எழுதியது:

ஒரு சம்பவம் நினைவில் வருகிறது. 2012 பிப்ரவரி 26, ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு. டிரேவான் மார்ட்டின், 17 வயது. ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் விருந்தாளியாகத் தங்கியிருந்தான். கடைக்குப் போய்விட்டு மழையில் நடந்து திரும்பினான். குடியிருப்பின் தன்னார்வக் கண்காணிப்பாளர் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்தார், கைகலப்பு, துப்பாக்கிச்சூடு. பையன் இறந்துபோனான். அடுத்த ஆண்டு ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. சட்டம் சொன்னது அது. எனக்குத் தாங்க முடியாதது வேறு: அவன் அந்த இடத்தில் இருக்க வேண்டியவன்தான். உள்ளே இருப்பவனையே வெளியாளாகப் பார்க்கும் கண் எங்கிருந்து வருகிறது? சுவர் கட்டிய பிறகு வளர்ந்த கண் அது என்றுதான் நினைக்கிறேன்.

#16 புதுச்சாவி எழுதியது:

அதைப் படித்தபின் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. என் மகனுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அவனும் தெரியாத ஒரு குடியிருப்பில் மழையில் நடந்து போவான்.

பொதுவழியாகத் திறப்பதில் எனக்கு இன்னும் சம்மதம் வரவில்லை, அந்தச் செருப்புத் தடம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் வண்டியை நிறுத்துவது வேறு, காலை நிறுத்துவது வேறு என்று நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. எங்கள் குடியிருப்பில் பள்ளி நேரத்துக்கு மட்டும் திறக்கும் தீர்மானம் மறுபடி வந்தால் ஆதரிப்பேன். பை சோதனையை நிறுத்தச் சொல்லி இன்று செயலாளருக்கு எழுதிவிட்டேன்.

#17 மாடித்தோட்டம் எழுதியது:

கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கணக்குநோட்டு சொன்னபடி இரண்டு தாளில் செலவை எழுதி, இரண்டு தீர்மானங்களாகப் பிரித்து வைத்தேன். முதலாவது: பள்ளி நாட்களில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 3 முதல் 6 வரையும் குடியிருப்போருக்காகப் பின்வாசலைத் திறப்பது, சுவரோரம் ஆறு விளக்கு, ஒரு காவலர். ஆதரவு 118, எதிர்ப்பு 59. நிறைவேறியது.

இரண்டாவது: அதே நேரத்தில் பின்தெருவில் இருப்பவர்கள் சுவரோரப் பாதை வழியாக முன்வாசலுக்கு நடந்து போக அனுமதிப்பது, மூன்று மாதம் சோதனையாக. ஆதரவு 79, எதிர்ப்பு 94. தோற்றுவிட்டது. 15 ஓட்டு. பேசியவர்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை. ஒரு பெரியவர் எழுந்து, "அவர்கள் யார் என்றே நமக்குத் தெரியாதே அம்மா" என்றார். ஆறு வருடம் ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருக்கிறோம். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எனக்கும் தெரியாது.

பின்தெருவுக்கு விளக்கும் நடைபாதையும் கேட்டு ஒரு மனு எழுதி அங்கேயே சுற்றுக்கு விட்டேன். 131 கையெழுத்து வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட பலரும் அதில் போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை வெல்டிங்கை அறுத்தார்கள். ஒவ்வொன்றையும் அறுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கீல் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதால் கதவு பாதிதான் திறந்தது, எண்ணெய் ஊற்றி இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மகளும் நானும் நடந்து போனோம். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி அவள் பெயரைக் கேட்டார். ஒன்பது வயதில் என் மகள் தெருவில் ஒரு அந்நியருக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. பெயரை மெதுவாகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அவளே பாட்டியிடம் பெயர் கேட்டாள்.

பழையதெரு ஐயா, அடுத்த கூட்டத்தில் இரண்டாவது தீர்மானத்தை மறுபடி வைக்கப் போகிறேன். நீங்கள் இருப்பது எங்கள் பின்தெருவாக இருந்தாலும் சரி, வேறு ஊராக இருந்தாலும் சரி, அன்று நீங்களே வந்து பேச முடியுமா? நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் அது போய்ச் சேரும்.

#18 பழையதெரு எழுதியது:

வருகிறேன் அம்மா. அந்தத் திண்ணையில் இருந்த பாட்டி என் அம்மா. உங்கள் மகள் பெயரை எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

கூட்டம் எத்தனை மணிக்கு? முன்வாசலில் எந்த வீடு என்று கேட்பார்கள், வீட்டு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

#19 மாடித்தோட்டம் எழுதியது:

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் பூட்டியிருக்கும், சாவியைச் செயலாளரிடம் இன்றே கேட்டு வாங்கி வைக்கிறேன். முன்வாசலுக்குச் சுற்ற வேண்டாம் ஐயா. நாலே முக்காலுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், அம்மாவையும் அழைத்துக்கொண்டு நடந்தே வாருங்கள்.